கும்பெனிச் சிங்கமும் மூன்று புளியங்கொட்டையும்: பழைய துப்பாக்கி பார்த்துச் சொல்லும் ஒரு பாளையங்கோட்டைக்காரர்

எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு பழைய கைத்துப்பாக்கி இருக்கிறது. பதற வேண்டாம், நான் பிறந்ததிலிருந்து அது சுட்டதில்லை, எங்கள் அப்பா பிறந்ததிலிருந்தும் சுட்டதில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் கிராமம். அரங்கில், அதாவது உள் அறையில், இருக்கும் பெட்டகத்துக்குள் பட்டுச்சேலைக்கும் பத்திரக்கட்டுக்கும் நடுவே கிடக்கும், வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு வெளியே வரும், பித்தளையெல்லாம் பளபளக்க புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் சாவியோடு மணைப்பலகையில் உட்காரும், சுண்டல் தீர்ந்ததும் திரும்ப உள்ளே போய்விடும்.

அதற்கு ஒரு கதையும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் எங்கள் முப்பாட்டனார் ஒரு வெள்ளைக்காரத் துரையின் இடுப்பிலிருந்து பிடுங்கியது. ஆச்சி சொன்னால் துரை மட்டும் குதிரையிலிருந்து விழுவார். பெரியப்பா சொன்னால் குதிரையும் சேர்ந்து விழும்.

பெரியப்பாவுக்கு இப்போது 78 வயது. பெங்களூரில் இருக்கும் அண்ணன், "அப்பா, காகிதம் இல்லாம வீட்டுல துப்பாக்கி வச்சிருக்கிறது நாளைக்கு வம்பாயிரும், அது என்ன ஏதுன்னு முதல்ல பாத்து வைப்போம்" என்று ஆரம்பித்தார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு இடத்தில் காட்டினோம். ஒன்றில் ஏமாந்தோம், இன்னொன்றில் ஏமாறவில்லை. இந்த மாதிரிச் சாமான் வைத்திருப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழம்பொருள் மதிப்பீடு செய்து சான்றிதழ் தருகிறோம் என்று ஆன்லைனில் விளம்பரம் போட்ட ஒரு ஆள். பெயர் சொல்லப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ கேட்டார், ரூ.4,500 கேட்டார், அப்புறம் போனில் "குடும்பத்துல ஏதாவது கதை உண்டா சார்?" என்று ரொம்ப ஆசையாகக் கேட்டார். நானும் துரை, குதிரை, முப்பாட்டனார் எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பத்து நாளில் கூரியரில் லேமினேட் செய்த சான்றிதழ் வந்தது. தங்க நிற முத்திரை, ஹாலோகிராம், எல்லாம் உண்டு. "1790-ஐ ஒட்டிய பிளின்ட்லாக் கைத்துப்பாக்கி, பாளையக்காரர் போரில் பயன்படுத்தப்பட்டது" என்று போட்டிருந்தது. பிளின்ட்லாக் என்றால் சிக்கிமுக்கிக்கல்லால் தீ மூட்டும் துப்பாக்கி. நான் போனில் சொன்னதைத்தான் அச்சடித்து எனக்கே விற்றிருக்கிறார் என்பது அப்போது உறைக்கவில்லை. பெரியப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். அடுத்த வாரமே போன். வெளிநாட்டில் பார்ட்டி இருக்கிறதாம், 12 லட்சம் வரை போகுமாம், ஆரம்பச் செலவுக்கு ரூ.25,000 அனுப்ப வேண்டுமாம். திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா. நல்லவேளையாக அதற்கு முன்னால் இன்னொருவரிடம் விசாரிக்கலாம் என்று தோன்றியது.

அந்த இன்னொருவர்தான் இந்த ரிவ்யூவின் ஆள். பாளையங்கோட்டையில் தெற்கு பஜார் தாண்டி ஒரு சந்தில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறார். பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் கால் உடைந்த ஒரு பழைய மெஷின்தான் அடையாளம். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவராக, 24 வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பிழைப்பு தையல் மெஷின், பழைய துப்பாக்கி பார்த்துச் சொல்வது பிரியத்துக்கு. எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் போனிலேயே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிராதீங்க தம்பி, செக்கிங்ல மாட்டினா நான் வந்து ஜாமீன் எடுக்க மாட்டேன்." இரண்டு, "கதைய இப்பச் சொல்லாதீங்க. போட்டோ மட்டும் அனுப்புங்க." நான் பாதி வாயைத் திறந்துவிட்டேன், "பாஞ்சாலங்..." என்பதற்குள் "அதான் வேண்டாம்னேன்" என்று வைத்துவிட்டார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அவர் ஏன் கதை கேட்கவில்லை என்பது சான்றிதழை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது.

போட்டோ பார்க்க ரூ.300. பார்த்துவிட்டு, முதலில் உள்ளூர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், அதற்கு அப்புறம்தான் வருவேன் என்றார். இந்த இடத்தில் நிறையப் பேர் "நூறு வருஷத்துக்கு மேல ஆனா லைசென்ஸ் வேண்டாம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், நானும்தான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குக் கொடுப்பது பழைய மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதங்களுக்கு, ஆனால் ரிப்பேர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதை வைத்துச் சுடவே முடியாது என்றால் மட்டும். அந்தக் கடைசி வால்தான் முக்கியம். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்கிற நிலையில் இருந்தால் அது பாட்டன் காலத்துச் சாமானாக இருந்தாலும் துப்பாக்கிதான். சுடுமா சுடாதா என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அண்ணாச்சியும் "நான் என்ன ரகம்னு சொல்லுவேன், சட்டத்துக்கு நான் ஆள் இல்ல" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பெரியப்பாவும் நானும் போட்டோ ஒட்டி மனு கொடுத்து, ரசீது வாங்கி வைத்தோம். அந்த வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் அந்த "வெளிநாட்டுப் பார்ட்டி" விஷயம். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. இதைச் சொன்னதும் பெரியப்பா அந்த நம்பரை பிளாக் பண்ணச் சொன்னார்.

அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியூர் வருவார். ஐந்து வாரம் காக்க வைத்தார். இது என் முதல் புகார். கடைசியில் ஒரு ஞாயிறு காலை செங்கோட்டை பாசஞ்சரில் வந்து இறங்கினார், கையில் ஒரு மஞ்சப்பை. நான் ஏதோ பூதக்கண்ணாடி, வெள்ளைக் கையுறை எல்லாம் எதிர்பார்த்தேன். பைக்குள் அளவு பார்க்கிற ஒரு வெர்னியர், ஒரு அரம், நாலு திருப்புளி, ஒரு எண்ணெய்க் குப்பி, பலகாரக் கடையில் மடித்துத் தருகிற பட்டர் பேப்பர் கொஞ்சம். திண்ணையில் உட்கார்ந்ததும் மைனியிடம் கேட்ட முதல் சாமான் விளக்குமாறு.

விளக்குமாறிலிருந்து ஒரு நீள ஈர்க்குச்சியை உருவி, துப்பாக்கியின் வாய் வழியாக உள்ளே விட்டார். முட்டிய இடத்தில் நகத்தால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துக் காட்டினார். குச்சி குழலின் அடிவரை போகவில்லை, இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. "உள்ள ஏதோ இருக்கு. எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்றார். வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கிற பழைய துப்பாக்கிகளில் பல, கெட்டித்தபடியே பெட்டிக்குள் போய்விடுமாம், கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு நூற்றைம்பது வருஷம் கழித்தும் பற்றிக்கொள்ளுமாம். இதைத்தான் நாங்கள் வருஷாவருஷம் சூடம் காட்டி, பிள்ளைகள் கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எண்ணெயை உள்ளே ஊற்றி, சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்து, ஒன்றரை மணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லை. அதற்குள் மைனி கொடுத்த இட்லியைச் சாப்பிட்டார். நான் வாங்கி வைத்திருந்த அல்வாவைச் சுகர் என்று தள்ளிவிட்டார். பிறகு முனையில் திருகு போட்ட ஒரு கம்பியை மெல்ல விட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்தார். முதலில் ஒரு துணிக்கந்தல் வந்தது. அப்புறம் ஒரு புளியங்கொட்டை. அப்புறம் இன்னொன்று. மொத்தம் மூன்று. மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. அதுவரை தூணில் சாய்ந்து பேசாமல் இருந்த சித்தப்பா லேசாகத் தொண்டையைக் கனைத்தார். 1968-ல் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை லீவில் கட்டபொம்மன் விளையாட்டு விளையாடியிருக்கிறார். குண்டுக்குப் புளியங்கொட்டை.

சரி, அப்புறம்தான் நிஜமான வேலை. கழற்றுவதற்கு முன் பெரியப்பாவிடம் "கழட்டலாமா?" என்று கேட்டார். எல்லாரும் கேட்க மாட்டார்கள். திருப்புளியை எடுத்து, திருகின் காடியில் வைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று அரத்தால் முனையைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்த பிறகுதான் திருகைத் தொட்டார். பழைய திருகுகளின் காடி ரொம்பக் குறுகலாக இருக்கும், இன்றைய திருப்புளியை வைத்து நெம்பினால் விளிம்பு பிய்ந்துவிடும். தையல் மெஷின் கை என்பது அங்கே தெரிந்தது.

முதல் கேள்வி, தீ எப்படிப் பிடிக்கிறது? கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கியில் குதிரையின், அதாவது விசையை இழுத்தால் வந்து அடிக்கிற சுத்தியலின், வாயில் ஒரு சிக்கிமுக்கிக்கல் கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் கல் ஒரு எஃகுத் தகட்டில் உரசிப் பொறி தட்டும், கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும் மருந்து பற்றும், பக்கத்துத் துளை வழியாகத் தீ குழலுக்குள் போகும். மழை பெய்தால் கதை முடிந்தது. எங்கள் துப்பாக்கியில் கல்லைக் கவ்வும் வாயும் இல்லை, கிண்ணமும் இல்லை. குதிரையின் முகம் குழிவாக, ஒரு காம்பின் மேல் போய் உட்காருகிறது. "தீவாளிக்கு ரோல் கேப் போட்டுச் சுட்டிருக்கீங்களா தம்பி? அதேதான். இந்தக் காம்பு மேல ஒரு செம்புக் கேப்பத் தொப்பி மாதிரி மாட்டுவான். குதிரை வந்து அடிச்சா கேப் வெடிச்சு, காம்புக்குள்ள இருக்க ஓட்டை வழியா தீ உள்ள போயிரும்."

இதற்கு விதை போட்டவர் ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார். தட்டினால் வெடிக்கிற மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தி அவர் காப்புரிமை வாங்கியது 1807-ல். செம்புக் கேப் அதற்கும் பின்னால் வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் இந்த முறைக்கு மாறத் தொடங்கியது 1830-களின் கடைசியில். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மேஜர் பானர்மன் தாக்கியது 1799 செப்டம்பரில், கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது அதே வருஷம் அக்டோபர் 16. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, கோட்டையைத் திரும்பக் கட்டி, அதுவும் விழுந்தது 1801 மே மாதம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எங்கள் துப்பாக்கி அந்தச் சண்டைக்குக் குறைந்தது முப்பத்தைந்து நாற்பது வருஷம் பிந்திப் பிறந்தது.

பெரியப்பா லேசில் விடவில்லை. "கல்லுத் துப்பாக்கிய வாங்கி பின்னால கேப்புக்கு மாத்தியிருக்கலாம்லா?" என்றார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. அப்படி மாற்றிய துப்பாக்கிகள் நிறையவே உண்டாம். அண்ணாச்சி பக்கத் தகட்டைக் கழற்றி வெயிலில் பிடித்துக் காட்டினார். மாற்றியிருந்தால் பழைய கிண்ணமும் ஸ்பிரிங்கும் இருந்த இடத்தில் திருகுத் துளைகள் இருக்கும், அவற்றை அடைத்த பொட்டுகள் உட்பக்கத்தில் தெரியும், கிண்ணத்தை வெட்டி எடுத்த தழும்பும் இருக்கும். எங்களுடையதில் ஒன்றும் இல்லை. முதலிலேயே கேப்புக்காகச் செய்த தகடு. பெரியப்பா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அடுத்தது சிங்கம். பக்கத் தகட்டில், பின்னங்காலில் எழுந்து நிற்கிற ஒரு சின்ன உருவம் உண்டு. வீட்டில் அதற்கு மூன்று கட்சி. ஆச்சிக்கு அது யாளி. எனக்குச் சின்ன வயதில் நாய். சித்தப்பாவோ, சிங்கம் இருக்கிறதால் இது சிங்கம்பட்டி ஜமீன் சாமான் என்று சத்தியமே செய்வார். அண்ணாச்சி சிரித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆனது. அது கிழக்கிந்தியக் கும்பெனியின் சிங்கம். முன்கால்களுக்கு நடுவே ஒரு மகுடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். 1808 வாக்கில்தான் கும்பெனி தன் ஆயுதங்களில் இந்தச் சிங்கத்தைக் குத்த ஆரம்பித்தது, அதற்கு முன்னால் நாலாகப் பிரித்த இதய வடிவம், ஒவ்வொரு கட்டத்திலும் கும்பெனிப் பெயரின் ஓர் எழுத்து, உச்சியில் நாலு என்ற எண் மாதிரி ஒரு குறி. ஆக, உண்மையிலேயே 1799-ல் இங்கே வந்த கும்பெனித் துப்பாக்கி யாரிடமாவது இருந்தால் அதில் இந்தச் சிங்கம் இருக்காது, இதயம்தான் இருக்கும். கட்டபொம்மன் காலம் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கால் இருக்கிறதா என்றும் தேடினார். கோழி மண்ணில் நடந்த தடம் மாதிரி மூன்று கோடு, அம்புக்குறி. அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கான அடையாளம். எங்களுடையதில் இல்லை. ராஜாவின் படைக்கு ஆயுதம் வேறு, கும்பெனிப் படைக்கு ஆயுதம் வேறு. கும்பெனி ஒரு வியாபார நிறுவனம், தன் துப்பாக்கியைத் தானே ஆர்டர் கொடுத்துச் செய்து, தானே ஆள் வைத்துச் சோதித்து, கப்பலேற்றியது. வெள்ளைக்காரன் துப்பாக்கி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுசு.

குழலின் அடியில், கட்டைக்குள் மறைந்திருந்த பகுதியில், இரண்டு சின்ன முத்திரை கிடைத்தது. மகுடத்துக்குக் கீழே பின்னிக்கிடக்கிற ஜி, பி. இன்னொரு மகுடத்துக்குக் கீழே வி. லண்டன் துப்பாக்கித் தச்சர் சங்கத்தின் சோதனை முத்திரை. அதிக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்காமல் நின்றால் குத்துவது. பர்மிங்ஹாமில் 1813-ல் சட்டம் போட்டுத் தனிச் சோதனைச் சாலை வந்தது, அதன் முத்திரை மகுடத்தோடு குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், பார்த்தாலே வித்தியாசம் தெரியும் என்றார். குழலின் வாய் வெர்னியரில் பதினாறரை மில்லிமீட்டர். நீளம் ஒன்பது அங்குலம். அந்தக் காலத்துக் காலாட்படைச் சிப்பாயின் நீளத் துப்பாக்கிக்கு வாய் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். இது அதைவிடச் சின்னது, குதிரைப்படை அளவு. அதற்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. கெட்டிக்கிற கம்பி குழலின் வாயோடு ஒரு கீலில் பிணைத்திருக்கிறது, தனியாகக் கழன்று வராது. நாங்கள் இத்தனை வருஷமாக அதைத் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது என்று நினைத்திருந்தோம். குதிரை மேல் உட்கார்ந்து கெட்டிக்கும்போது கம்பி கைதவறிக் கீழே விழுந்தால் அப்புறம் துப்பாக்கியை உலக்கையாகத்தான் பயன்படுத்தலாம், அதற்காக வேண்டுமென்றே செய்த பிணைப்பு.

சிங்கமும் கேப்பும் சேர்ந்து காலத்தைச் சொல்லிவிடுகின்றன. 1840-க்கு முன்னால் போக முடியாது. கும்பெனி ஆட்சியே 1858-ல் முடிந்து நிர்வாகம் ராணியின் கைக்குப் போனது, அதனால் பின்னாலும் போக முடியாது. நடுவில் பதினெட்டு வருஷம். பெரியப்பா மாட்டி வைத்திருந்த சான்றிதழில் ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை.

இனி எனக்கு ரொம்ப வருத்தமான இடம். கைப்பிடியின் அடியில் பித்தளைத் தொப்பி. படைப்பிரிவின் பெயரும் ஆயுத எண்ணும் இந்த மாதிரி இடங்களில்தான் குத்தியிருப்பார்களாம். அண்ணாச்சி செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தார், நேராகப் பிடித்தால் தெரியாத பள்ளம் சாய்வு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தும் பார்த்தார். ஒரு "எம்" தெரிந்தது. பக்கத்தில் மூன்றோ எட்டோ ஏதோ ஒன்று. அவ்வளவுதான். மிச்சத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் புளியும் சாம்பலும் போட்டு நாலு தலைமுறையாகத் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். மைனி முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்படிப் பாத்தா உங்க வீட்டு விளக்கு எல்லாம் நல்லாருக்கும் தாயி, துப்பாக்கிக்குத்தான் ஆகாது" என்று அவர் சமாளித்தார். துருவை உப்புத்தாளால் தேய்ப்பது, பித்தளையைப் புளியால் துலக்குவது, கட்டைக்கு வார்னிஷ் அடிப்பது, இந்த மூன்றும் செய்யாதீர்கள். மெல்லிய எண்ணெய்த் துணி போதும்.

நான் உடனே "எம் என்றால் மெட்ராஸ் குதிரைப்படைதானே?" என்று குதித்தேன். கும்பெனிக்கு மெட்ராஸ் லைட் கேவல்ரி இருந்தது, அதன் வழியில் வந்த 16-வது லைட் கேவல்ரி இன்றும் நம் ராணுவத்தில் இருக்கிறது, அப்படியே ஒரு கதை மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் அசையவில்லை. "இருக்கலாம். ஆனா ஒத்த எழுத்த வச்சு எழுத மாட்டேன்" என்றார். கடைசி வரை எழுதவில்லை.

பெரியப்பா கேட்டார், "அப்போ எங்க பாட்டன் பிடுங்கலைங்கீரு?"

"நீங்களே யோசிச்சுப் பாருங்க பெரியவரே. 1801 டிசம்பர்ல கும்பெனிக்காரன் என்ன அறிக்கை விட்டான்? கோட்டைய இடி, ஆயுதத்தக் குடுன்னுதான? அதுக்கப்புறம் இந்தச் சீமையில ஒருத்தன் அவன்ட்ட இருந்தே பிடுங்கின துப்பாக்கிய வச்சு வருஷாவருஷம் பூசை போட்டா விட்டுருப்பானா?"

"அப்போ எப்படி வே வந்துச்சு?"

"அத இரும்பு சொல்லாது. பத்திரக்கட்டத் தேடிப் பாருங்க."

தேடினோம். அன்றைக்கே, அவரையும் வைத்துக்கொண்டு. 1931-ல் தாத்தாவும் அவர் தம்பியும் பாகம் பிரித்த பத்திரத்தில், பாத்திரப் பட்டியலில், பித்தளை அண்டா இரண்டுக்கும் வெற்றிலைச் செல்லத்துக்கும் நடுவில், "பழைய பிஸ்தோல் 1, ரூ.2" என்று இருக்கிறது. அண்டாவுக்கு 12 ரூபாய் போட்டிருந்தார்கள். நாங்கள் எத்தனையோ முறை பார்த்த பத்திரம், நிலத்தின் நாலெல்லையைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை.

அவர் கொடுத்த அறிக்கை கோடு போட்ட நோட்டுத்தாளில் ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு வரிக்கும் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறார்: இன்ன முத்திரை, இன்ன இடத்தில், அதனால் இன்னது. கடைசி வரி, "1931 முதல் இக்குடும்பத்தில் இருப்பதற்குப் பத்திரச் சான்று உண்டு." பக்கத்தில் பட்டர் பேப்பர் தேய்ப்பை ஒட்டியிருக்கிறார். துரை இல்லை, குதிரை இல்லை.

வந்த வேகத்தில் இன்னொன்றையும் காட்டினோம். அத்தான் வெளியூரில் ஒரு பழம்பொருள் கடையில் ரூ.18,000 கொடுத்து வாங்கிய "டவர்" (லண்டன் டவர் ஆயுதச்சாலையின் குறி) என்று எழுதிய கல் துப்பாக்கி, ஒரிஜினல் லண்டன் என்று சொல்லிக் கொடுத்தது. கையில் வாங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுத்து குத்தியது இல்லை, வார்ப்பிலேயே வந்தது, ஓரமெல்லாம் மழுங்கல். ஈர்க்குச்சி நாலு விரல்கடைக்கு மேல் போகவில்லை, குழலைத் துளைக்கவே இல்லை. திருகெல்லாம் இன்றைய கடைத் திருகு. சுவரில் மாட்டுகிற அலங்காரச் சாமான். "மாட்டுங்க அத்தான், நல்லாத்தான் இருக்கு" என்று நான் சொன்னதற்கு அத்தான் இன்னும் சரியாகப் பேசவில்லை. இதற்கு அண்ணாச்சி காசு வாங்கவில்லை.

அவரிடம் வருகிற கேஸ்களில் பாதி பாஞ்சாலங்குறிச்சி, மீதிப் பாதி மணியாச்சி என்றார். ஒருவர், வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட துப்பாக்கி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று போட்டோ அனுப்பியிருக்கிறார். வாஞ்சி கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். போட்டோவில் இருந்தது சுழல் உருளை வைத்த வெப்ளி ரிவால்வர், மேலே மார்க் 6 என்று தெளிவாகக் குத்தியிருக்கிறது. அந்த மாதிரியை பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டதே 1915-ல், ஆஷ் செத்தது 1911 ஜூன் 17. இது அசல் துப்பாக்கி, தோட்டா கிடைத்தால் சுடும், உடனே ஸ்டேஷனில் ஒப்படையுங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டாராம்.

செலவுக் கணக்கு: போட்டோவுக்கு 300, நேரில் வர 2,000, ரயில் டிக்கெட். பணமாகத்தான் வாங்குவார், ஜிபே கிடையாது. விலை மதிப்பு கேட்டால் சொல்லவே மாட்டார். தானும் வாங்க மாட்டார், வாங்க ஆளும் காட்ட மாட்டார். எனக்கு இது குறையாகப் படவில்லை, பார்த்துச் சொல்கிறவனே வாங்குகிறவனாகவும் இருந்தால் அவன் சொல்லை எப்படி நம்புவது? ஆனால் விற்கிற எண்ணத்தில் இருப்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். குறை என்றால், போன் எடுக்க மாட்டார், பத்துமுறை அடித்தால் ஒருமுறை எடுப்பார். கையெழுத்து டாக்டர் கையெழுத்து. லெட்டர்ஹெட், முத்திரை எதுவும் இல்லாததால் அரசு அலுவலகத்தில் அந்தத் தாளை ஆதாரமாக நீட்ட முடியாது, நமக்குத் தெரிந்துகொள்ள மட்டும்தான். தன் ராணுவக் கதையை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், எங்கள் கதையை மட்டும் கேட்க மாட்டார். 5-க்கு 4 கொடுக்கிறேன், அந்த ஒன்று ஐந்து வாரம் காக்க வைத்ததற்கு.

கும்பெனிக் கால ஆயுதங்களை நேரில் பார்த்து ஒப்பிட வேண்டுமென்றால் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகச் சொன்னார். அடுத்த தடவை சென்னை போகும்போது பெரியப்பாவைக் கூட்டிப் போக வேண்டும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மைனி பழக்க தோஷத்தில் புளியைக் கரைத்துவிட்டார், பெரியப்பா ஓடிவந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு செம்பருத்திப் பூ மட்டும் வைத்தோம். சாயங்காலம் பெங்களூர் அண்ணன் பிள்ளைகள் கேட்டதற்கு பெரியப்பா கதை சொன்னார். சிங்கம், செம்புக் கேப், கீல் போட்ட கம்பி, சித்தப்பாவின் புளியங்கொட்டை வரை எல்லாம் வந்தது. "அப்போ குதிரை விழலையா தாத்தா?" என்று சின்னது கேட்டது. "குதிரைப்படைத் துப்பாக்கிதான வே, எங்கயாவது விழுந்திருக்கும்" என்றார்.